புள்ளி விழுந்த மக்காச்சோளம்

மக்காச்சோள மணியின் நிறம் மூன்று அடுக்குகளில் எதிலிருந்தும் வரலாம். எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது கனித்தோல். வேகவைத்த கதிரைக் கடித்துத் தின்னும்போது பல்லிடுக்கில் சிக்கிக்கொள்வது இதுதான். அதற்கு அடியில் அல்யூரோன் என்ற படலம், ஒரே ஒரு செல் தடிமன். அதற்கும் உள்ளே மாவுச்சத்து நிறைந்த கருவூண் திசு. தமிழ்நாட்டு வயல்களில் விளைந்து பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகும் மஞ்சள் மக்காச்சோளத்தில் மேலிரண்டு அடுக்குகளுக்கும் நிறமில்லை. உள்ளே கருவூண் திசுவிலுள்ள கரோட்டினாய்டு நிறமிதான் அவற்றின் ஊடே மஞ்சளாகத் தெரிகிறது. மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியிலும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் நீல வகைகளில் நிறம் இருப்பது அல்யூரோனில். அங்குள்ள நிறமி அந்தோசயனின். சிவப்புக் கதிர்கள் பலவற்றில் நிறம் கனித்தோலில் இருக்கிறது; அது ஃப்ளோபாஃபீன் என்ற வேறு வகை நிறமி.

எந்த அடுக்கில் நிறம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது யாருடைய நிறம் என்பதும் மாறும். கனித்தோல் தாய்ச் செடியின் திசு. ஆகவே ஒரு கதிரின் எல்லா மணிகளிலும் கனித்தோல் சாதாரணமாக ஒரே நிறமாகத்தான் இருக்கும். அல்யூரோனும் கருவூண் திசுவும் அப்படியல்ல. ஒவ்வொரு மணியிலும் அவை தனித்தனிக் கருவுறுதலில் பிறந்தவை. தாயிடமிருந்து இரண்டு பங்கும் மகரந்தத்திலிருந்து ஒரு பங்கும் பெற்றவை. ஒரே கதிரில் ஊதா மணியும் வெள்ளை மணியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பது இதனால்தான். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம் என்பதால் மரபியலாளர்களுக்கு மக்காச்சோளக் கதிர் கிடைத்தற்கரிய பொருளாயிற்று.

ஊதாவும் வெள்ளையும் கலந்த கதிரை மெண்டலின் விதிகள் சிரமமில்லாமல் விளக்கிவிடும். விளக்கமுடியாமல் நின்றது வேறொன்று: வெள்ளை மணி ஒன்றின் மேலேயே ஊதாப் புள்ளிகள். ஒரு மணியின் அல்யூரோன் முழுவதும் ஒரே கருவுற்ற செல்லிலிருந்து பெருகியது. எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே மரபுச் சரக்கு. அப்படியிருக்க, ஓரிடத்தில் நிறம், பக்கத்தில் நிறமில்லை என்றால், மணி வளரும்போதே சில செல்களில் மரபணு மாறியிருக்க வேண்டும். ஒரு மணியில் ஒரு முறை என்றால் தற்செயல் எனலாம். நூற்றுக்கணக்கான முறை, தலைமுறைதோறும், ஒரே மாதிரி நடந்தால் அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

அல்யூரோனில் அந்தோசயனின் உருவாக வேண்டுமானால் பல மரபணுக்கள் ஒருங்கே வேலை செய்ய வேண்டும். சி1, ஆர்1 இரண்டும் மேற்பார்வையாளர்கள். மற்ற மரபணுக்களைத் தூண்டிவிடும் புரதங்களைத் தருபவை. சி2, ஏ1, ஏ2, ப்ரான்ஸ்1 முதலியவை நிறமி தயாராகும் வழியில் ஆளுக்கொரு படியை நடத்தும் நொதிகளுக்கானவை. இவற்றில் சி1 போன்ற ஒன்று பழுதானாலும் மணிக்கு ஊதா நிறம் கிடையாது. ப்ரான்ஸ்1 பழுதானால் மட்டும் ஊதாவுக்குப் பதில் வெண்கல நிறம் வரும். நிறமில்லாத மணி உயிரோடிருப்பதற்கு எந்தக் குறையும் இல்லை. முளைக்கும், செடியாகும், காய்க்கும். மரபணு பழுதாவதையும் சரியாவதையும் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட வசதியான இடம் அமைவது கடினம்.

இப்போது சி1 மரபணுவின் நடுவே எங்கிருந்தோ ஒரு டி.என்.ஏ. துண்டு வந்து செருகிக்கொள்கிறது என்று கொள்வோம். மரபணு படிக்க முடியாமல் போகிறது. மணி நிறமற்றதாகத் தொடங்குகிறது. மணி வளர்ந்துகொண்டிருக்கும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு கழன்று வெளியேறுகிறது. அந்தச் செல்லில் சி1 மீண்டும் வேலை செய்கிறது. அதிலிருந்து பிறக்கும் செல்கள் அனைத்தும் ஊதாவாகின்றன. வெளியேறியது மணி வளர்ச்சியின் தொடக்கத்தில் என்றால் அந்த ஒரு செல்லுக்கு வாரிசுகள் ஏராளம். மணியின் கால்வாசியை அடைக்கும் திட்டு கிடைக்கும். கடைசி ஓரிரு செல்பிரிவுகளின்போது என்றால் உருப்பெருக்கியில் மட்டும் தெரியும் நான்கைந்து செல் புள்ளி கிடைக்கும். புள்ளியின் அளவு அது நடந்த நேரத்தைச் சொல்கிறது; புள்ளிகளின் எண்ணிக்கை எத்தனை முறை நடந்தது என்பதைச் சொல்கிறது. இப்படி இடம் விட்டு இடம் போகும் டி.என்.ஏ. துண்டுகளைத்தான் தாவும் மரபணுக்கள் என்கிறார்கள்.

இந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் பற்றிய ஆராய்ச்சி டி.என்.ஏ.வின் அமைப்பு தெரிவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. சிவப்புக் கோடு விழுந்த கனித்தோல் உள்ள கதிர்களைப் பற்றி ரோலின்ஸ் எமர்சன் 1914-இல் எழுதினார். அந்தக் கதிர்களில் மரபணு அடிக்கடி தானாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது, திரும்பியது அடுத்த தலைமுறைக்கும் போகிறது என்று அவர் காட்டினார். 1930-களில் மார்கஸ் ரோட்ஸ் இன்னொரு படி போனார். பழுதான ஏ1 மரபணு உள்ள மணிகளில் ஊதாப் புள்ளிகள் தோன்றுவதற்கு டாட்டட் என்ற வேறொரு மரபணு உடனிருக்க வேண்டும் என்று கண்டார். ஏ1 இருப்பது மூன்றாம் குரோமோசோமில். டாட்டட் இருப்பது ஒன்பதாவதில். எங்கோ இருக்கும் ஒன்று இன்னோரிடத்திலுள்ள பழுதை எப்படிச் சரிசெய்கிறது என்பது அப்போது யாருக்கும் பிடிபடவில்லை.

பிடிகொடுத்தது பார்பரா மெக்லின்டாக்கிடம். 1902-இல் பிறந்த இவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து, மக்காச்சோளக் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக அடையாளம் காண்பதில் நிகரற்றவர் என்று இளவயதிலேயே பெயரெடுத்தவர். 1940-களில் நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில், ஒன்பதாம் குரோமோசோம் உடைந்த செடிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் சந்ததியில் ஒரு விந்தை தென்பட்டது. குரோமோசோம் எங்கெங்கோ உடையாமல், எப்போதும் ஒரே இடத்தில் உடைந்தது. உடையும் இடத்துக்கு டிசோசியேஷன் என்று பெயரிட்டார். அது தானாக உடையாது என்பதும் விரைவில் தெரிந்தது. ஆக்டிவேட்டர் என்று அவர் பெயரிட்ட இன்னொரு கூறு அதே செல்லில் எங்காவது இருந்தால்தான் உடைப்பு நிகழும்.

இந்த உடைப்பை அவர் மணியின் மேற்பரப்பில் படித்த விதம் சற்று நின்று பார்க்கத் தக்கது. ஒன்பதாம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில், நுனியிலிருந்து உள்நோக்கி நான்கு மரபணுக்கள் வரிசையாக உள்ளன: நிறத்தைத் தீர்மானிக்கும் சி1, மணியின் வடிவத்தைத் தீர்மானிக்கும் ஷ்ரங்கன்1, ப்ரான்ஸ்1, மாவுச்சத்தின் தன்மையைத் தீர்மானிக்கும் வாக்ஸி. இவற்றுக்கும் உள்ளே டிசோசியேஷன். மெக்லின்டாக் ஒரு கலப்பில் சி1-க்குப் பதில் நிறத்தைத் தடுக்கும் அதன் மாற்று வடிவத்தை டிசோசியேஷன் உள்ள குரோமோசோமில் வைத்தார். அந்தக் குரோமோசோம் இருக்கும்வரை மணி வெள்ளை. டிசோசியேஷனில் உடைந்தால் நுனி முழுவதும் தொலையும்; தடுப்பும் அதனோடு போகும்; எதிர்க் குரோமோசோமின் நிறம் வெளிப்படும். அந்த எதிர்க் குரோமோசோமில் பழுதான ப்ரான்ஸ்1 இருந்தால் திட்டு வெண்கல நிறமாக இருக்கும். அந்தத் திட்டின் அடியில் மணியை அறுத்து அயோடின் தடவினால், சுற்றிலும் கருநீலமாகும் மாவு அங்கே மட்டும் செம்பழுப்பாகும். வாக்ஸி மரபணுவின் நல்ல பிரதியும் போய்விட்டது என்று பொருள். வரிசையாக இருந்த மரபணுக்கள் ஒரே செல்லில் ஒன்றாகக் காணாமல் போயிருந்தால் குரோமோசோம் அங்கே உடைந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பின்னர் ஆயிரக்கணக்கான மணிகளுக்கிடையே முறைமாறிய ஒரு மணி கண்ணில் பட்டது. நிறமுள்ளதாக இருந்திருக்க வேண்டிய அந்த மணி வெள்ளையாக இருந்தது. அதன்மேல் ஊதாப் புள்ளிகள். இந்தப் புள்ளிகளில் மற்ற மரபணுக்கள் எதுவும் தொலையவில்லை. சி1 மட்டும் கெட்டுப்போய், சி1 மட்டும் திருந்தியிருந்தது. அந்த மணியிலிருந்து வளர்ந்த சந்ததியை ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. குரோமோசோம் இப்போது பழைய இடத்தில் உடையவில்லை. சி1 இருக்கும் இடத்தில் உடைந்தது. அதாவது டிசோசியேஷன் தன் பழைய இடத்தை விட்டு வந்து சி1-க்குள் புகுந்திருந்தது. ஆக்டிவேட்டர் உடனிருக்கும்போது அங்கிருந்தும் கழன்றது, புள்ளி விழுந்தது. ஆக்டிவேட்டர் இல்லாத சந்ததியில் மணிகள் ஒரு புள்ளியும் இல்லாமல் வெள்ளையாகவே நின்றன. மரபணுக்கள் குரோமோசோமில் நிரந்தர முகவரியில் குடியிருப்பவை என்று பாடநூல்கள் சொல்லிவந்த காலம் அது. 1950-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் மெக்லின்டாக் இதை வெளியிட்டார். மறு ஆண்டு கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் கருத்தரங்கில் விரிவாகப் பேசினார்.

அந்தப் பேச்சை யாரும் நம்பவில்லை, முப்பது ஆண்டுகள் அவர் புறக்கணிக்கப்பட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அது பாதிதான் உண்மை. மக்காச்சோள ஆய்வாளர்கள் தாவுதலை விரைவிலேயே ஒப்புக்கொண்டார்கள். விஸ்கான்சினில் அலெக்சாண்டர் பிரிங்க் குழுவினர் எமர்சனின் பழைய சிவப்புக் கோட்டுக் கதிர்களிலேயே தாவும் கூறு ஒன்றை 1952-இல் காட்டினார்கள். அதுவும் ஆக்டிவேட்டரும் ஒன்றே என்று பின்னர் தெரிந்தது. பீட்டர் பீட்டர்சன் தனியாக இன்னொரு கூறைக் கண்டுபிடித்தார். மெக்லின்டாக் இவற்றைக் கட்டுப்படுத்தும் கூறுகள் என்று அழைத்து, உயிரின் இயல்பான வளர்ச்சியையே இவைதான் நெறிப்படுத்துகின்றன என்று வாதிட்டார். அந்த வாதத்தைத்தான் பலர் ஏற்கவில்லை. அவர் சொன்ன வடிவில் அது இன்றுவரை நிறுவப்படவுமில்லை. தாவுதல் மக்காச்சோளத்தின் தனி விநோதம் என்ற எண்ணம் மாறியது 1960-களின் பிற்பகுதியில், ஈ.கோலை பாக்டீரியாவில் இதே போன்ற கூறுகள் கிடைத்தபோது. பிறகு பழ ஈயிலும் கிடைத்தன. 1983-இல், 81-வது வயதில், மருத்துவத்துக்கான நோபல் பரிசு மெக்லின்டாக்குக்குக் கிடைத்தது. பங்காளிகள் இல்லாத முழுப் பரிசு.

அதே ஆண்டில் நினா ஃபெடரோஃப் குழுவினர் ஆக்டிவேட்டரின் டி.என்.ஏ.வைத் தனியே பிரித்தெடுத்திருந்தார்கள். அதன் நீளம் 4,565 எழுத்துகள். இரு முனைகளிலும் 11 எழுத்துகள் ஒன்றுக்கொன்று தலைகீழாக அமைந்திருக்கின்றன. நடுவே ஒரே ஒரு மரபணு. அது தருவது டிரான்ஸ்போசேஸ் என்ற நொதி. இந்த நொதிதான் கத்தரி. முனைகளைப் பிடித்து, துண்டை வெட்டியெடுத்து, வேறிடத்தில் ஒட்டுகிறது. டிசோசியேஷன் கூறுகள் பல வகை. சில, நடுப்பகுதி அறுந்துபோன ஆக்டிவேட்டர்களே. வேறு சிலவற்றில் முனைகள் மட்டுமே ஒத்திருக்கும். கத்தரி அவற்றிடம் இல்லை, ஆனால் கத்தரி பிடிக்கும் முனைகள் உண்டு. எனவே ஆக்டிவேட்டர் எங்கிருந்து நொதியை அனுப்பினாலும் அவை நகரும். ரோட்ஸைக் குழப்பிய டாட்டட் புதிரும் இதே வகைதான். மெக்லின்டாக் முதலில் கண்ட உடைப்பு, ஒரு டிசோசியேஷனுக்குள் இன்னொன்று தலைகீழாகச் செருகிக்கொண்ட இரட்டை அமைப்பால் வந்தது. கத்தரி தவறான முனைகளைச் சேர்த்துப் பிடிக்க, குரோமோசோமே முறிந்தது.

வெட்டு எப்போதும் சுத்தமாக நடப்பதில்லை. ஆக்டிவேட்டர் ஓரிடத்தில் புகும்போது அங்கிருந்த 8 எழுத்துகள் இரட்டிக்கின்றன. வெளியேறும்போது அந்த இரட்டிப்பின் மிச்சம் சற்று உருமாறி அங்கேயே தங்கிவிடும். மரபணுவின் முக்கியமான பகுதியில் இந்தத் தழும்பு மூன்றின் மடங்கல்லாத எண்ணிக்கையில் எழுத்துகளைக் கூட்டினால் புரதம் பாழ்; துண்டு போய்விட்டாலும் நிறம் திரும்பாது. மூன்றின் மடங்காக அமைந்தால் புரதம் ஒன்றிரண்டு அமினோ அமிலம் கூடிய நிலையில் ஏறக்குறைய வேலை செய்யும். நிறம் முழுதாகவோ வெளிறியோ வரும். ஒரே மரபணுவிலிருந்து வெவ்வேறு அடர்த்தியில் ஊதா வகைகள் பிறப்பதற்கு இது ஒரு வழி.

அல்யூரோனில் நடக்கும் தாவல் அந்த மணியோடு முடிந்துபோகும். விதை முளைக்கும்போது கருவூண் திசு உணவாகி மறைகிறது. மகரந்தமோ முட்டையோ உண்டாக்கும் செல்வழியில் நடந்தால்தான் அது வாரிசுக்குப் போகும். அப்போது அடுத்த கதிரில் புள்ளி மணிகளுக்கிடையே முழு ஊதா மணி ஒன்று நிற்கும்.

ஆக்டிவேட்டர் அதிகமானால் புள்ளிகளும் அதிகமாகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது தலைகீழ். ஒரு பிரதி இருந்தால் தாவல் சீக்கிரம் தொடங்கும்; புள்ளிகள் பெரியவை. இரண்டு இருந்தால் தாமதமாகும், புள்ளிகள் சிறியவை. மூன்று இருந்தால் மணியின் மேல் ஊதாத் தூள் தூவியது போல இருக்கும், சில மணிகளில் அதுவும் இராது. தாய் வழியாக வரும் ஆக்டிவேட்டர் கருவூண் திசுவில் இரு பிரதிகளாகவும் மகரந்தம் வழியாக வருவது ஒன்றாகவும் சேர்வதால், தாயையும் தந்தையையும் மாற்றிக் கலந்தால் கதிரின் தோற்றமே வேறாகிவிடும். டி.என்.ஏ.வைத் தொடாமலே ஆக்டிவேட்டர் எத்தனை என்பதை மெக்லின்டாக் கணக்கிட்டது இப்படித்தான்.

சிவப்புக் கனித்தோலில் இதன் இன்னொரு விளைவு உண்டு. பி1 என்ற மரபணுவுக்குள் ஆக்டிவேட்டர் அமர்ந்திருக்கும் கதிர்களில், சில இடங்களில் முழுச் சிவப்புத் திட்டும் அதை ஒட்டி வழக்கத்தைவிடக் கோடு குறைந்த வெளிர் திட்டும் இரட்டையாகத் தோன்றும். டி.என்.ஏ. இரட்டித்த பின் ஒரு பிரதியிலிருந்து மட்டும் ஆக்டிவேட்டர் கழன்று, இன்னும் இரட்டிக்காத ஓரிடத்தில் புகுவதுதான் காரணம். அந்த இடமும் பின்னர் இரட்டிக்கும். ஆகவே ஒரு மகள் செல்லில் பி1 சீராகிச் சிவப்பு வருகிறது. மற்றதில் பழைய ஆக்டிவேட்டரோடு புதியதும் சேர்ந்து இரண்டாகி, தாவலைத் தாமதப்படுத்துகின்றன. புதிய இடம் பெரும்பாலும் அதே குரோமோசோமில், பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். துண்டு கழன்றதோடு நிற்காமல் வேறிடத்தில் புகுந்தும்விட்டது என்பதற்கு இந்த இரட்டைத் திட்டுகளே கண்கண்ட சான்று.

மெக்லின்டாக் 1950-களில் விவரித்த எஸ்.பி.எம். என்ற கூறு வேறு விதமாக நடந்துகொள்கிறது. பீட்டர்சன் கண்டதும் இதுவேதான். எஸ்.பி.எம். கூறின் குறைபட்ட பிரதி ஒன்று ஏ1-க்குள் இருக்கும் சில வகைகளில் மணி முழுக்க வெளிர் ஊதாவாக இருக்கும். செருகல் மரபணுவை முழுதாக முடக்குவதில்லை. முழுமையான எஸ்.பி.எம். வந்து சேர்ந்தால் அந்த வெளிர் நிறமும் அடங்கி, வெள்ளைப் பின்னணியில் அடர் ஊதாப் புள்ளிகள் விழும். இந்தக் கூறுகள் சில தலைமுறைகள் உறங்கிக் கிடந்து மீண்டும் விழிப்பதும் உண்டு. அவற்றின் டி.என்.ஏ.வில் மெத்தில் குழுக்கள் ஒட்டிக்கொள்வதே உறக்கத்துக்குக் காரணம் என்பது 1980-களில் தெளிவானது.

2009-இல் பி73 என்ற மக்காச்சோள வகையின் மரபணுத்தொகுதி வெளியானது. சுமார் 230 கோடி எழுத்துகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு தாவும் கூறுகளே. பெரும்பாலானவை ஆர்.என்.ஏ. வழியாகத் தம்மை நகலெடுத்துப் பரவும் ரெட்ரோடிரான்ஸ்போசான்கள். அவை புகுந்த இடத்தை விட்டு வெளியேறுவதில்லை. ஆகவே நிற மரபணுவில் புகுந்தால் மணி வெள்ளையாகுமே தவிரப் புள்ளி விழாது. ஐரோப்பிய வெள்ளைத் திராட்சை வகைகள் பலவும் இப்படி வந்தவைதான். சி1-இன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரபணுவில் இத்தகைய கூறு புகுந்ததால் அவற்றின் தோல் நிறமிழந்தது. மெண்டல் எண்ணிய சுருங்கிய பட்டாணிக்கும் காரணம் ஆக்டிவேட்டர் குடும்பத்தை ஒத்த ஒரு செருகல் என்று 1990-இல் தெரியவந்தது. ஆய்வகத்தில் இது கருவியாகவும் ஆயிற்று. கட்டமைப்பு தெரிந்த ஆக்டிவேட்டரைத் தூண்டிலாக வைத்து, அது புகுந்திருந்த ப்ரான்ஸ்1 மரபணுவை 1984-இல் பிரித்தெடுத்தார்கள். சி1 முதலியவற்றையும் தாவும் கூறுகளைக் கொண்டே இதுபோலப் பிடித்தார்கள்.

புள்ளி விழுந்த எல்லா மணியும் தாவும் மரபணுவின் வேலை அல்ல. ஆர்1 மரபணுவின் ஒரு வடிவம் தாய் வழியாக வந்தால் மணி முழு ஊதாவாகும். மகரந்தம் வழியாக மட்டும் வந்தால் ஊதாவும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அங்கே எந்தத் துண்டும் கழன்று போவதில்லை. மரபணு எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்ற முத்திரைதான் வேறுபாட்டை உண்டாக்குகிறது. இரண்டையும் பார்வையால் மட்டும் பிரிப்பது எப்போதும் இயலாது. தாய்-தந்தை மாற்றிக் கலந்து, அடுத்த கதிரின் மணிகளை எண்ணிப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.